யோசேப்பின் களஞ்சியமும் ஆசாரியரின் நிலமும்

நாட்டில் பொருளாதார நெருக்கடி தோன்றும்போதெல்லாம் நமது பிரசங்க மேடைகளுக்கு யோசேப்பு அழைத்து வரப்படுகிறார். தலைமைத்துவப் பயிற்சி முகாம்களிலும் அவரே தலைசிறந்த எடுத்துக்காட்டாக நிறுத்தப்படுகிறார். முன்னறிவு, சேமிப்பு, நேர்மை, நிருவாகத் திறன் என்னும் நான்கு தலைப்புகளில் அவரைப்பற்றிய அருளுரை எளிதில் அமைந்துவிடுகிறது. இவ்வருளுரைகள் பெரும்பாலும் ஆதியாகமம் 41ஆம் அதிகாரத்தில் பார்வோனின் சொப்பனத்தோடு தொடங்கி, 45ஆம் அதிகாரத்தில் சகோதரர் ஒப்புரவாகும் காட்சியோடு முடிவுறுகின்றன. 47ஆம் அதிகாரத்தின் 13 முதல் 26 வரையுள்ள வசனங்கள் வாசிக்கப்படுவது அரிது. வாசிக்கப்பட்டாலும் விளக்கப்படுவது அதனினும் அரிது.

விடுபடும் அப்பதினான்கு வசனங்களில்தான் யோசேப்பின் பொருளாதாரக் கொள்கை முழுமையாக விவரிக்கப்பட்டுள்ளது. அவற்றை நீக்கிவிட்டு அவரை இக்காலத் தலைவர்களுக்கு முன்மாதிரியாக்குவது பாதிக் கணக்கைப் பார்த்துவிட்டு வரவு செலவைச் சரியென்று கையொப்பமிடுவது போன்றதாகும். யோசேப்பைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் இல்லாதிருந்தால் எகிப்தியரும் கானானியரும் மடிந்திருப்பர் என்பதைத் திருமறை தெளிவாகக் கூறுகிறது. ஒரு நாட்டை நிலைப்படுத்துவதும் அந்நாட்டில் நீதி செய்வதும் ஒன்றா என்னும் கேள்வியை, இப்பகுதியையும் அதற்குத் திருமறைக்குள்ளேயே எழும் மறுமொழியையும் வைத்து ஆராய்வதே இங்கு நாம் மேற்கொள்ளும் முயற்சி.

1. நாற்பத்தேழாம் அதிகாரம் கூறுவது

முதலில் நிகழ்ச்சிகளின் வரிசையைக் காண்போம். செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு பெற்றுக்கொள்ளப்பட்டுப் பட்டணங்களில் சேமிக்கப்படுகிறது (ஆதி. 41:34–36, 48). அதற்கு விலை கொடுக்கப்பட்டதாகப் பாடத்தில் ஒரு சொல்லும் இல்லை. பஞ்சம் வந்தபோது அதே தானியம் அதே மக்களுக்கு விற்கப்படுகிறது (41:56). இந்த விற்பனையே 47ஆம் அதிகாரத்தில் படிப்படியாக விரிகிறது. முதற்படியில் எகிப்திலும் கானானிலும் இருந்த பணம் முழுவதும் பார்வோனின் அரண்மனைக்குப் போய்ச் சேர்கிறது (வச. 14). இரண்டாம் படியில் குதிரைகள், ஆடுமாடுகள், கழுதைகள் ஆகியவை தானியத்திற்கு ஈடாகக் கொடுக்கப்படுகின்றன (வச. 17). மூன்றாம் படியில் கொடுப்பதற்கு மக்களிடம் எஞ்சியிருப்பவை அவர்களுடைய உடலும் நிலமுமே. அவற்றையும் அவர்கள் கொடுக்கிறார்கள் (வச. 18–20). இறுதியில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு பார்வோனுக்கு உரியதென்னும் நிலையான சட்டம் பிறக்கிறது (வச. 24, 26).

இவ்வரிசையில் மூன்று செய்திகள் ஊன்றி நோக்கத்தக்கவை.

முதலாவது, அடிமைத்தனத்தை மக்களே வேண்டிக் கேட்கின்றனர் (வச. 19). யோசேப்பு அவர்களைக் கட்டாயப்படுத்தியதாகப் பாடம் கூறவில்லை. அதற்கு மேலாக, தங்களை உயிரோடு காத்தமைக்காக அவர்கள் நன்றியும் செலுத்துகிறார்கள் (வச. 25). இந்த நன்றியைச் சுட்டிக்காட்டி யோசேப்பின் செயலை நியாயப்படுத்தும் உரையாசிரியர்கள் உண்டு. ஆனால், பசித்திருப்பவன் பூட்டிய களஞ்சியத்தின் வாசலில் நின்று கொடுக்கும் சம்மதம் எத்தகையது? அவனுக்கு வேறு வழி இருந்ததா? சம்மதம் கேட்கப்பட்டது என்பதாலேயே ஓர் உடன்படிக்கை நீதியுள்ளதாகிவிடாது. இது அறநெறியியலின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்றன்றோ?

இரண்டாவது, 21ஆம் வசனத்தில் ஒரு பாட வேறுபாடு உண்டு. மசோரெத்திய எபிரெயப் பாடத்தின்படி யோசேப்பு மக்களைப் பட்டணங்களுக்குக் குடிபெயரச் செய்தார். நமது தமிழ்த் திருமறையும் இதனையே பின்பற்றுகிறது. சமாரிய ஐந்நூலும் கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பும் அவர் மக்களை அடிமைகளாக்கினார் எனக் கூறுகின்றன. எபிரெயத்தில் ‘ரேஷ்’, ‘தாலெத்’ என்னும் இரண்டு எழுத்துகளும் உருவில் மிகவும் ஒத்திருப்பதால் இவ்வேறுபாடு எழுந்திருக்க வேண்டும். எது மூலப்பாடம் என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. எப்பாடத்தை ஏற்பினும் பொருள் கசப்பானதே. ஒன்றின்படி மக்கள் தம் மண்ணை விட்டுப் பெயர்க்கப்பட்டனர். மற்றொன்றின்படி மனிதர் என்னும் நிலையினின்று தாழ்த்தப்பட்டனர்.

மூன்றாவது, இருசாரார் மட்டும் இந்த இழப்பிலிருந்து தப்பினர். ஒருசாரார் யோசேப்பின் குடும்பத்தார். எகிப்தியர் நிலத்தை இழக்கும் அதே அதிகாரத்தில் அவர்கள் நாட்டின் நல்ல பகுதியில் உடைமை பெறுகின்றனர், அவர்களுக்கு ஆகாரம் விலையின்றிக் கிடைக்கிறது (வச. 11–12, 27). மற்றொருசாரார் ஆசாரியர். பார்வோன் அவர்களுக்கு மானியம் ஏற்படுத்தியிருந்தமையால் அவர்கள் தங்கள் நிலத்தை விற்கவில்லை. இச்செய்தி ஒருமுறையன்று, இருமுறை கூறப்படுகிறது (வச. 22, 26). ஆசிரியர் இதைக் கண்டித்து எதுவும் எழுதவில்லை. ஆனால் ஒரு செய்தியை மறவாமல் இரண்டாம் முறையும் கூறுபவர் வாசகர் அதைக் கவனிக்க வேண்டுமென்று விரும்புகிறார் என்றே கொள்ளவேண்டும்.

யோசேப்பின் சார்பில் கூறத்தக்கவற்றையும் மறைத்தல் தகாது. ஐந்தில் ஒரு பங்கு என்பது பண்டைய உலகில் மிகக் கொடிய அளவு அன்று. அம்முராபியின் சட்டத் தொகுப்பு தானியக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கு வட்டியை அனுமதித்தது. யோசேப்பு மக்களுக்கு விதைத் தானியம் கொடுத்தார். நாலு பங்கை அவர்களிடமே விட்டுவைத்தார். தனக்கென்று அவர் பொருள் சேர்த்ததாகவும் பாடம் கூறவில்லை. பணம் முழுவதும் பார்வோனின் அரண்மனைக்கே சென்றது. ஆக, யோசேப்பு ஊழலற்றவர், திறமையுள்ளவர், உயிர்களைக் காத்தவர். இம்மூன்றும் உண்மை. இவ்வளவு நல்ல ஒருவருடைய நிருவாகத்தின் முடிவில் ஒரு நாட்டு மக்கள் அனைவரும் நிலமற்றவர்களாயினர் என்பதும் உண்மை. தலைவரின் தனிப்பட்ட நேர்மை ஓர் அமைப்பின் அநீதியைத் தானாகவே நீக்கிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பகுதி திருமறையில் வேறொன்று இருப்பது அரிது.

2. நாவலாசிரியர் செய்த திருத்தம்

இப்பகுதி தரும் இடர்ப்பாட்டை உணர்ந்தவர்களுள் ஒருவர் செர்மானிய எழுத்தாளர் தாமஸ் மன். ‘யோசேப்பும் அவன் சகோதரரும்’ என்னும் அவருடைய நான்கு பாக நாவல் 1933 முதல் 1943 வரை வெளிவந்தது. இட்லரின் ஆட்சி தோன்றிய 1933ஆம் ஆண்டில் நாட்டைவிட்டு வெளியேறிய மன், யோசேப்பைத் தம் மக்களுக்கு உணவளிப்பவராகக் காட்டும் நான்காம் பாகத்தை அமெரிக்காவில் வாழ்ந்த காலத்தில் எழுதினார். அப்போது குடியரசுத் தலைவராயிருந்த பிராங்கிளின் ரூசுவெல்ட்டின் ‘புதிய ஏற்பாடு’ என்னும் பொருளாதாரத் திட்டம் தம் யோசேப்பின் நிருவாகத்தில் பிரதிபலிப்பதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

மன் படைத்த யோசேப்பு செல்வர்களுக்குத் தானியத்தை மிகுந்த விலைக்கு விற்கிறார். ஏழைகளுக்கு இலவசமாக வழங்குகிறார். பறிபோகும் நிலம் முதன்மையாக, அரசனுக்கு அடங்காத பெருநிலக்கிழார்களின் நிலமாகக் காட்டப்படுகிறது. குடிபெயர்த்தலும் சிறு இடமாற்றமாக மென்மைப்படுத்தப்படுகிறது. பொதுவுடைமையும் தனியுடைமையும் கலந்த ஒரு நடுவழியாக இக்கொள்கை அங்கு உருப்பெறுகிறது. நாவல் என்னும் முறையில் இது உயர்ந்த படைப்பு. ஆனால் திருமறைப் பகுதியின் விளக்கமாக இதனை ஏற்க இயலாது. ஆதியாகமத்தில் யோசேப்பு ஏழைக்கு இலவசமாகக் கொடுத்தார் என்று எங்கும் இல்லை. நிலத்தை விற்றவர்கள் நிலக்கிழார்கள் மட்டுமல்லர். எகிப்தியர் ஒவ்வொருவரும் தத்தம் வயலை விற்றனர் என்றே பாடம் கூறுகிறது (47:20). மன் சேர்த்தவற்றிலிருந்து நாம் அறிவது ஒன்று. நீதியுள்ளம் படைத்த வாசகர் ஒருவர் யோசேப்பை இக்காலத்துக்கு முன்மாதிரியாக்க விரும்பினால், கதையைத் திருத்தியே ஆகவேண்டியிருக்கிறது.

ரூசுவெல்ட்டின் அரசில் 1933 முதல் 1940 வரை வேளாண்மைச் செயலாளராயிருந்த என்றி வாலஸ் என்பவரும் யோசேப்பைச் சுட்டிப் பேசியவர். பண்டைச் சீனத்தின் களஞ்சிய முறையும் அவருக்குத் தூண்டுதலாயிற்று. எந்நாளும் குறையாத களஞ்சியம் என்னும் அவருடைய திட்டம் 1938ஆம் ஆண்டின் வேளாண்மைச் சட்டத்தில் இடம்பெற்றது. இதில் யோசேப்பின் முறைக்கு மாறான ஒரு கூறு உண்டு. உழவர் தம் தானியத்தைச் சேமிப்பில் வைத்து அதன்பேரில் அரசிடம் கடன் பெறலாம். விலை ஏறினால் கடனை அடைத்துத் தானியத்தை மீட்கலாம். ஏறாவிடில் தானியத்தையே ஒப்படைத்துக் கடனைத் தீர்த்துக்கொள்ளலாம். நிலம் உழவரிடமே நின்றது. எனவே களஞ்சியம் வேண்டுமாயின் நிலத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது பொருளாதார விதியன்று. அது ஆட்சியாளர் தெரிந்துகொள்ளும் ஒரு வழி மட்டுமே.

ஆயினும் அமெரிக்கத் திட்டத்தையும் குறையற்றதென்று கருதலாகாது. 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பயிரிடும் பரப்பைக் குறைத்த நில உடைமையாளருக்கு அரசு பணம் கொடுத்தது. தென் மாநிலங்களில் பருத்தி நிலங்களை வாரத்துக்கு உழுத குடியானவர் பலருக்கு அப்பணத்தில் உரிய பங்கு கிடைக்கவில்லை. பலர் நிலத்தைவிட்டே வெளியேற்றப்பட்டனர். இதனை எதிர்த்து 1934இல் ஆர்க்கன்சா மாநிலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றுகூடித் தென் மாநிலக் குத்தகை உழவர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். விலை நிலைபெற்றது; வாரக்குடி தெருவில் நின்றது. மன்னின் நாவலில் இடம்பெறாத பக்கம் இது.

3. திருமறைக்குள்ளேயே எழும் மறுமொழி

யோசேப்பின் கொள்கைக்கு மறுமொழி தேட நாம் இக்காலப் பொருளாதார நூல்களுக்கு ஓடவேண்டியதில்லை. ஆதியாகமத்தை அடுத்த யாத்திராகமத்தின் முதல் அதிகாரமே அதற்கு விடையளிக்கத் தொடங்குகிறது. யோசேப்பை அறியாத புதிய அரசன் எழும்புகிறான். யோசேப்பு தன் குடும்பத்தாரைக் குடியேற்றிய பகுதியின் பெயர் ராமசேஸ் (ஆதி. 47:11). இப்போது அவர்களின் சந்ததியார் அதே பெயர்கொண்ட பண்டசாலைப் பட்டணத்தைக் கட்டும் கொத்தடிமைகளாயிருக்கின்றனர் (யாத். 1:11). எகிப்தியர் தங்களுக்கு ஏற்றுக்கொண்ட நிலையைக் குறிக்கும் எபிரெயச் சொல்லும், இஸ்ரவேலர்மேல் சுமத்தப்பட்ட கொடிய வேலையைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. நல்லவர் ஒருவர் கையில் குவிக்கப்பட்ட அதிகாரம், அவரை அறியாத ஒருவர் கைக்குப் போகும் நாள் வந்தே தீரும். அமைப்புகளை ஆராயும்போது அவற்றை உருவாக்கியவரின் குணத்தை மட்டுமன்றி, அடுத்து வருபவர் அவற்றைக்கொண்டு என்ன செய்யக்கூடும் என்பதையும் ஆராயவேண்டும்.

நியாயப்பிரமாணம் இதனை உணர்ந்தே இயற்றப்பட்டதாகத் தோன்றுகிறது. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தை ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தின் அருகில் வைத்து வாசிப்போர் இதனை எளிதில் காண்பர். வறுமையுற்ற சகோதரன் முதலில் தன் காணியை விற்கிறான் (25:25). பின்னர்க் கடன் வாங்குகிறான் (25:35–37). இறுதியில் தன்னையே விற்கிறான் (25:39). எகிப்தியர் இறங்கிய படிகளுக்கு இவை ஒப்பானவை. ஆனால் ஒவ்வொரு படியிலும் இங்கு ஒரு தடை வைக்கப்பட்டுள்ளது. நிலத்தை மீட்கும் உரிமை உண்டு, வட்டி வாங்கலாகாது, அடிமையாக நடத்தலாகாது, ஐம்பதாம் ஆண்டில் அவன் தன் காணியாட்சிக்குத் திரும்பவேண்டும். இதற்குக் காரணமாகக் கூறப்படுவதும் எகிப்திலிருந்து பெற்ற விடுதலையே. நிலம் பார்வோனுடையதன்று, ஆண்டவருடையது (25:23). மக்களும் பார்வோனின் அடிமைகளல்லர், ஆண்டவரின் ஊழியர் (25:42).

ஆசாரியரைப் பற்றிய ஏற்பாடும் தலைகீழாக மாற்றப்படுகிறது. எகிப்தில் ஆசாரியருக்கு மட்டும் நிலம் எஞ்சியது. இஸ்ரவேலிலோ ஆரோனுக்கும் லேவியருக்கும் நிலச் சுதந்தரமே இல்லை (எண். 18:20, 23–24). அவர்கள் அந்நியரோடும் திக்கற்றோரோடும் விதவைகளோடும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணவேண்டியவர்கள் (உபா. 14:28–29). மக்களின் விளைச்சல் குன்றினால் லேவியரின் பங்கும் குன்றும். மக்களின் துன்பம் தன்னைத் தீண்டாத இடத்தில் ஆசாரியன் வாழலாகாது என்பதே இவ்வேற்பாட்டின் உட்பொருள் எனலாம்.

இவையனைத்தும் ஏட்டளவில் நின்றுவிட்டதையும் திருமறை மறைக்கவில்லை. சாலொமோன் பண்டசாலைப் பட்டணங்களைக் கட்டினார் (1 இராஜா. 9:19). அவருடைய ஆட்சியில் யோசேப்பு வம்சத்தாரின் கட்டாய வேலைக்கு மேற்பார்வையாளராக யெரொபெயாம் நியமிக்கப்பட்டார் (1 இராஜா. 11:28). களஞ்சியங்களின் தந்தையாகிய யோசேப்பின் வழித்தோன்றல்களே மற்றோர் அரசனின் சுமைகாரராயினர். சாலொமோனுக்குப்பின் நாடு இரண்டாகப் பிளந்ததற்கு இந்த நுகமே காரணமாயிற்று (1 இராஜா. 12:4). சாலொமோனின் செல்வமும் அமைதியும் நிலைத்தவைபோல் தோன்றின. அவற்றைத் தாங்கியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கப்பட்டபோது அவர்கள் பிரிந்து சென்றனர்.

4. நெகேமியாவின் வழி

ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தின் நிகழ்ச்சிகள் ஏறத்தாழ அப்படியே திரும்ப நிகழும் மற்றோர் இடம் நெகேமியா 5ஆம் அதிகாரம். அங்கும் பஞ்சம். அங்கும் மக்கள் தானியத்திற்காக வயல்களையும் திராட்சத் தோட்டங்களையும் வீடுகளையும் அடைமானம் வைக்கின்றனர் (5:3). அரசனின் வரிக்காகக் கடன்படுகின்றனர் (5:4). பிள்ளைகளை அடிமைகளாக ஒப்புக்கொடுக்கின்றனர் (5:5). ஆனால் எகிப்தில் எழாத ஒன்று எருசலேமில் எழுகிறது. அது மக்களின் கூக்குரல். அதிலும் பெண்களின் குரல் தனித்துக் குறிப்பிடப்படுகிறது (5:1).

நெகேமியா செய்தவை ஆறு. அவர் சினங்கொண்டார், தன்னுள் ஆலோசித்தார், பிரபுக்களையும் அதிகாரிகளையும் கடிந்து சபையைக் கூட்டினார். தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்தோர் வரிசையில் இருப்பதை அச்சபையிலேயே வெளிப்படுத்தினார் (5:10). நிலங்களையும் வட்டியையும் அன்றே திருப்பிக் கொடுக்கும்படி கேட்டார் (5:11). இறுதியாக ஆசாரியரை அழைத்து, அவர்கள் முன்னிலையில் ஆணையிடுவித்தார் (5:12). பன்னிரண்டு ஆண்டுகள் அதிபதிக்குரிய படியை அவர் உண்ணவில்லை. வயல் எதையும் வாங்கவும் இல்லை (5:14–16).

யோசேப்பிடமும் நெகேமியாவிடமும் தனிமனித நேர்மை உண்டு. வேறுபாடு எதில் என்றால், யோசேப்பின் நேர்மை மக்களின் உடைமையைச் சிந்தாமல் சிதறாமல் அரண்மனைக்குக் கொண்டுசேர்த்தது. நெகேமியாவின் நேர்மை இழந்தவர்களுக்கு இழந்ததைத் திருப்பித் தந்தது. ஆசாரியரின் இடமும் மாறுகிறது. எகிப்தில் அவர்கள் மானியம் பெற்று ஒதுங்கியிருந்தனர். எருசலேமில் அவர்கள் நீதியின் ஆணைக்குச் சாட்சிகளாக நடுவில் நிறுத்தப்பட்டனர்.

நெகேமியாவின் குறைகளையும் காணவேண்டும். இது அவரே தன்னைப்பற்றி எழுதிய பதிவு. தற்புகழ்ச்சியின் சாயல் அதில் உண்டு. மக்களைக் கடனில் தள்ளிய பாரசீக அரசின் வரியை அவர் தொடவில்லை. தொட அவருக்கு அதிகாரமும் இல்லை. அந்நியச் சுமை அப்படியே இருக்க, உள்நாட்டில் அச்சுமை யார்மேல் விழவேண்டும் என்பதையே அவர் மாற்றினார். இந்த எல்லைக்குட்பட்ட நீதி சிறிதேயெனினும் மெய்யானது. கடன்பட்ட நாடுகளின் தலைவர்களுக்கு இன்று வாய்ப்பதும் பெரும்பாலும் இவ்வளவே.

5. நம் காலத்துச் சோதனை

இவ்வாராய்ச்சியை நம் காலத்து நிகழ்ச்சியொன்றில் பொருத்திப் பார்ப்பது தகும். தென்னிந்தியத் திருச்சபையின் பேராயங்களுள் ஒன்று இலங்கையின் யாழ்ப்பாணத்தில் உள்ளது. ஆகவே இலங்கையின் துன்பம் நமக்குப் புறத்தார் துன்பமன்று.

2019ஆம் ஆண்டின் இறுதியில் பதவியேற்ற அரசு பெறுமதி சேர் வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைத்தது. அடுத்துப் பெருந்தொற்று வந்து சுற்றுலா வருவாயை அழித்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு விளைச்சல் வீழ்ந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. சூலை மாதத்தில் மக்கள் குடியரசுத் தலைவரின் மாளிகைக்குள் புகுந்தனர். அவர் நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். செப்டம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 விழுக்காட்டை எட்டியது. செழிப்பான ஆண்டுகளில் சேமிக்கத் தவறிய இத்தலைமைக்கு யோசேப்பின் 41ஆம் அதிகாரம் முழுவதும் ஒரு கண்டனமாகும். அந்த அளவில் நமது வழக்கமான அருளுரை சரியானதே.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. அதற்குரிய சீரமைப்பின் ஒரு பகுதியாக உள்நாட்டுக் கடனும் மறுசீரமைக்கப்பட்டது. அரசுக் கடன் பத்திரங்களை வைத்திருந்தோருள் வணிக வங்கிகள் இதிலிருந்து விலக்கப்பட்டன. தனியார் துறையில் உழைப்போரின் முதுமைக்கால வைப்பாகிய ஊழியர் சேமலாப நிதியம் சேர்க்கப்பட்டது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் மாதந்தோறும் தம் ஊதியத்திலிருந்து செலுத்திய பணம் அதில் உண்டு. 2025 வரை 12 விழுக்காடும் பின்னர் 9 விழுக்காடும் வட்டி தரும் புதிய பத்திரங்களை நிதியம் ஏற்கவேண்டும். ஏற்காவிடில் அதன் பத்திர வருமானத்தின்மீது 14 விழுக்காட்டுக்குப் பதிலாக 30 விழுக்காடு வரி விதிக்கப்படும். இந்நிதியத்தைப் பரிபாலிப்பதும் மத்திய வங்கியே. சட்டத்தின் கண்ணில் இது விருப்பத்துடன் செய்த மாற்றம். ஆதியாகமம் 47:19ஐ வாசித்தவர்களுக்கு இவ்வகை விருப்பம் புதிதன்று.

வங்கிகளை விலக்கியதற்கும் காரணம் கூறப்பட்டது. அவை முன்னரே மிகுந்த வரி செலுத்துகின்றன. அவை வீழ்ந்தால் சிறு சேமிப்பாளரும் வீழ்வர். இக்காரணத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. களஞ்சியம் உடைந்தால் எல்லாரும் பட்டினி கிடப்பர் என்று யோசேப்பும் கூறியிருக்கலாம். ஆயினும் நெகேமியா கேட்ட கேள்வி எஞ்சி நிற்கிறது. சுமை ஒன்று தவிர்க்க இயலாததானால், அதைப் பகிர்ந்துகொள்ளக் கூட்டப்பட்ட சபை எங்கே? அதில் தொழிலாளரின் குரல் கேட்கப்பட்டதா? சுமையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் தம் நிலையைச் சபையின் நடுவில் வெளிப்படுத்தினார்களா?

2023 சூலையில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. நிலைத்தன்மை திரும்பியது என்று கூறப்பட்டது, அது பொய்யன்று. ஆனால் உலக வங்கியின் மதிப்பீட்டின்படி அதே ஆண்டில் நாட்டு மக்களில் நால்வருக்கு ஒருவர் வறுமையில் இருந்தனர். 2019இல் இருந்ததைப்போல் இது இருமடங்கிற்கும் மேல். 2024 சனவரியில் பெறுமதி சேர் வரி 18 விழுக்காடாக உயர்ந்தது. இதற்கிடையே 2023 நவம்பர் 14 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் குடியரசுத் தலைவர்கள் கோத்தாபய ராஜபக்ச, மகிந்த ராஜபக்ச ஆகியோரும் வேறு சிலரும் பொருளாதாரத்தைக் கையாண்ட முறையால் மக்களின் நம்பிக்கையை மீறினர் என்று தீர்ப்பளித்தது. தலைமை மக்களுக்குக் கணக்கொப்புவிக்க வேண்டிய பொறுப்பு என்பதை நீதிமன்றமே கூறியது பெரிய செய்தி. ஆயினும் இழந்தவர்களுக்கு இழப்பீடு எதுவும் அத்தீர்ப்பில் இல்லை. நெகேமியாவின் சபையில் கடிந்துரையும் திருப்பிக் கொடுத்தலும் ஒரே நாளில் நிகழ்ந்தன. இங்கு முதலாவது மட்டும் நிகழ்ந்தது.

6. ஆசாரியரின் நிலம்

இறுதியாக நாம் நம்மிடமே வரவேண்டும். 47ஆம் அதிகாரம் நம் மேடைகளில் வாசிக்கப்படாமைக்குக் காரணம் அதன் கடினம் மட்டுமா? அப்பகுதியில் இருமுறை குறிப்பிடப்படுவோர் நம்முடைய தொழிலைச் சார்ந்தவர்கள் என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம் அன்றோ?

திருச்சபைக்கு நிலம் உண்டு. கல்வி நிலையங்கள் உண்டு. நகரங்களின் நடுவில் வாடகை தரும் கட்டடங்கள் உண்டு. அவை இருப்பதே பாவம் என்று கூறுவதற்கில்லை. அவற்றால் நடந்த நற்பணிகள் பல. ஆனால் மானியம் பெறும் ஆசாரியர் பஞ்சத்தின் கொடுமையை அறியாதிருக்க முடியும். அறியாதவர் களஞ்சியத்தின் ஒழுங்கைப் புகழ்வதும் எளிது. நாட்டின் நிலைத்தன்மைக்காக ஞாயிறுதோறும் மன்றாடும் நாம், அதற்கு விலை கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லி மன்றாடாமல் இருப்பதற்குக் காரணம் நம் நிலம் விற்கப்படாமல் இருப்பதே எனலாம். எபிரெய ஆசாரியனுக்கு நிலம் மறுக்கப்பட்டது அவனைத் தண்டிப்பதற்காக அன்று. மக்களின் பசி அவன் வயிற்றிலும் தெரியவேண்டும் என்பதற்காகவே.

இதிலிருந்து அருளுரையாளருக்கும் இறையியல் மாணவர்க்கும் மூன்று கடமைகள் எழுகின்றன. யோசேப்பைக் குறித்துப் பேசுவோர் 41ஆம் அதிகாரத்தோடு 47ஆம் அதிகாரத்தையும் வாசிக்கவேண்டும். சபையார் முழுக் கணக்கையும் காணட்டும். ஒரு தலைவரையோ திட்டத்தையோ பாராட்டும்முன், நாடு நிலைபெற்றதா என்று கேட்பதோடு, நிலைபெற்றபின் யாரிடம் நிலம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்றும் கேட்கவேண்டும். மூன்றாவதாக, பேராயத்தின் நிதிக் குழுவிலோ சபைக் குழுவிலோ அமரும் ஆயர், மக்களின் வருவாய் குன்றிய ஆண்டில் திருச்சபையின் வாடகை, பள்ளிக் கட்டணம், காணிக்கை இலக்கு ஆகியவை என்னவாக வேண்டும் என்னும் கேள்வியை அங்கே எழுப்பவேண்டும். நெகேமியா தன் சகோதரரின் கடன் பத்திரங்களிலிருந்தே தொடங்கினார்.

யோசேப்பு உயிர்களைக் காத்தார்; அதற்காகக் கடவுளைத் துதிப்போம். காக்கப்பட்டவர்கள் பின்னர் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதை அதே திருமறை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. அதனை வாசிக்கும் துணிவு மேடையில் நிற்பவர்க்கு வேண்டும். அடுத்த முறை யோசேப்பைக் குறித்து அருளுரை ஆயத்தம் செய்வோர், பாடப் பகுதியை 47:26 வரை நீட்டி, அதனுடன் நெகேமியா 5ஆம் அதிகாரத்தையும் இரண்டாம் பாடமாகச் சேர்த்துக்கொள்வது நலம்.